காய்கறிச் செலவு

ஜூன் 1

இத்தனை வருஷமாக ஒன்றாம் தேதி காலையில் இவர் சாமி படத்துக்கு முன்னால் வீட்டுச் செலவுப் பணத்தை வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். இன்று சாமிக்கு முன்னால் ஊதுவத்தி மட்டும் இருந்தது. என் கைப்பேசியை வாங்கி அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். அதில் தன் வங்கிக் கணக்கைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "இனி எங்க போனாலும் ஸ்கேன் பண்ணிக் குடு சாந்தாமணி. நோட்டுப் பணமே இந்த வீட்டுல வேண்டாம்" என்றார்.

நான் எங்கே என்ன வாங்கினாலும் அந்த நொடியே இவர் கைப்பேசியில் சத்தம் வருமாம். சோதித்துப் பார்க்க என்னைக் கீழே கடைக்கு அனுப்பித் தீப்பெட்டி வாங்கச் சொன்னார். திரும்பி வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டு "வந்திருச்சு, வந்திருச்சு" என்கிறார். மகன் பிறந்த சேதி வந்தபோதுகூட முகம் இப்படி மலர்ந்ததில்லை.

பம்ப் கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு அதிகாரம் செய்ய இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைத்தது. சங்கச் செயலாளர். 'ரொக்கமில்லாக் குடியிருப்பு' என்று கேட்டில் பேனர் கட்டியாகிவிட்டது. பால்காரர், பூக்காரி, காய்கறி வண்டி, யாராக இருந்தாலும் பணம் வாங்கும் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால்தான் உள்ளே வரலாம்.

பருப்பு டப்பாவில் எனக்கென்று கொஞ்சம் சிறுவாடு வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது இவர் அதைக் கண்டுபிடித்து, "பேங்க்ல போட்டா வட்டியாவது வரும்" என்று எடுத்துப் போனார். யார் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.

எண் இல்லாத எதையும் இவர் படிக்கமாட்டார். அதனால் இந்த டைரி பத்திரம்.

ஜூன் 4

குளிக்கும்போது இடது மார்பில் கையில் பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. பெரியம்மாவுக்கும் முதலில் வலி இல்லை என்றுதான் சொன்னார்கள். அடுத்த தை மாதம் அவள் இல்லை.

ஜூன் 6

இவரிடம் சொன்னேன். சொல்லுமுன் இரண்டு முறை காபி போட்டுக் கொடுத்தேன். கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "கொழுப்புக் கட்டி. பத்துல எட்டுப் பேருக்கு அதுதான்னு போட்டிருக்கான். ஆறு மாசம் பாக்கலாம்" என்றார்.

"மீதி ரெண்டு பேருங்க?"

"எதுலயும் கெட்டதையே நினைக்கறது உனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, லிப்ட் ரிப்பேர் விஷயமாக யாருடனோ பேசப் போய்விட்டார்.

என் பித்தப்பைக் கல்லுக்கு ஆன செலவை இவர் இன்றைக்கும் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்கிறார். கல் போய் மூன்று வருஷமாகிறது. பில் மட்டும் எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறது.

ஜூன் 11

எதிர் வீட்டு ரேவதியோடு கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக அரசு மருத்துவமனைக்குப் போனேன். காசு வாங்குவதில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசை நகர்ந்து என் முறை வரும்போது மதியமாகிவிட்டது. அடுத்த செவ்வாய் ஸ்கேன், அதற்கடுத்த செவ்வாய் ஊசிப் பரிசோதனை, பிறகு ரிசல்ட் என்றார்கள். அதற்குள் இவர் மூன்று முறை அழைத்துவிட்டார். "கோயில்ல மணிச் சத்தமே கேக்கலையே" என்றார். அடுத்த செவ்வாய் எந்தக் கோயிலுக்குப் போவது? அதற்கடுத்த செவ்வாய்?

தனியார் ஸ்கேன் சென்டர் ஒன்றில் போனில் விசாரித்தேன். எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடுமாம். ஐயாயிரம் ஆகும். ரொக்கமாகக் கொடுத்தால் வாங்குவீர்களா என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தாள். "வாங்குவோம் மேடம். இப்பெல்லாம் யாரும் குடுக்கறதில்ல."

நகையெல்லாம் லாக்கரில், சாவி இவர் பீரோவில். கழுத்தில் கிடப்பதைக் கழற்றினால் ஊரே கேட்கும். பெங்களூரில் இருக்கும் மகனிடம் கேட்டால் முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்வான். ஐயாயிரம் பெரிய தொகையா என்ன? இவர் பேனர் அடித்த செலவே அதைவிட அதிகம். ஆனால் இந்த வீட்டில் இன்று தேடினால் ஐந்து ரூபாய் நாணயம் கிடைக்காது.

ஜூன் 14

வழி கிடைத்துவிட்டது.

காய்கறி வண்டி மயிலாத்தாள் அக்கா இந்தக் குடியிருப்பு கட்டிய நாளிலிருந்து வருகிறவள். அவள் வண்டியிலும் இப்போது ஸ்டிக்கரும் ஒலிப்பெட்டியும் ஏறிவிட்டன. இன்று பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

"அக்கா, காய் நூறு ரூபாய்க்குத்தான். நான் எரநூறு போடறேன். மிச்ச நூறக் கையில குடுத்துருங்க."

"எதுக்கு அம்மிணி?"

வேறு காரணம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் உண்மைதான் வந்தது. முந்தானைக்குள் கையை வைத்து இடத்தைக் காட்டினேன். மயிலக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"எங்கூட்டுக்காரரு இருந்தப்ப நானும் இப்புடித்தான் திருட்டுத்தனமா அரிசிப் பானைக்குள்ள போட்டு வெப்பேன். இந்தாங்க."

நான் பணம் அனுப்பியதும் ஒலிப்பெட்டி "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று நாலாவது மாடி வரைக்கும் கேட்கும்படி சொன்னது.

"அது என்ற பையன் நெம்பருங்க. எனக்கு இந்தப் போனெல்லாம் எங்க ஆகுது? காசு பூராவும் அவங் கணக்குலதான் உளுகும்" என்றாள், தக்காளியைத் துடைத்துக்கொண்டே.

பையன்தானே. பெற்றவளுக்குக் கொடுக்காமலா இருப்பான்?

ஜூன் 15

நூறு ரூபாய் நோட்டைப் பழைய மிக்சி ஜாருக்குள் போட்டுப் பரண் மேல் வைத்தேன். நோட்டில் மஞ்சள் கறையும் கொத்தமல்லி வாசனையும் இருந்தன. பிரியாணி தின்றதுபோல் ஒரு சந்தோஷம்.

ஜூன் 22

"இன்னைக்குக் காய் எரநூத்தம்பதா?" என்று கேட்டார்.

"தக்காளி விலை ஏறிப்போச்சுங்க."

"ம்" என்றார். தக்காளி விலை இவருக்குத் தெரியாது. சாம்பாரில் தக்காளி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

ஜூன் 27

மயிலக்கா வண்டியில் பீன்ஸ் இல்லை, கேரட் இல்லை. கீரையும் சுரைக்காயும் வாடிய கத்தரிக்காயும்தான். இப்படிக் கொண்டுவந்தால் யார் வாங்குவார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். மண்டியில் ரொக்கத்தைக் கண்ணில் காட்டினால்தான் மூட்டையைத் தொடவே விடுவார்களாம்.

"பையங்கிட்டக் கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறான் அம்மிணி. அடுத்த தெருவுல நோட்டாக் குடுக்கறத வெச்சுத்தான் ஓட்டறேன்."

"விடாதீங்க அக்கா. சட்டையப் புடிச்சுக் கேட்டு வாங்குங்க" என்றேன். சொல்லிவிட்டு நூற்றைம்பது ரூபாயை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 1

மழை. துணி காயவில்லை. நூற்றைம்பது.

ஜூலை 3

மயிலக்காவின் மகன் சதீசு கேட்டுப் பக்கம் வந்தான். புது பைக். முன்னால் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே அம்மாவிடம் என்னவோ சத்தம் போட்டுவிட்டு, கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்துக்கொண்டே போனான்.

ஆக, அவன் அவளுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுதி வைக்கிறேன்.

இன்னும் பாதிக்கு மேல் வேண்டும். கட்டி பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது. ஓயாமல் தொட்டுப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஜூலை 9

"இன்னிக்கு வேண்டாம் அம்மிணி. நாளைக்கு மண்டிக்கே பத்தாது" என்றாள்.

"இன்னைக்கு மட்டும் அக்கா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அதுவும் பொய்யில்லை. அவள் சுருக்குப்பையைத் தலைகீழாக உதறினாள். பத்து ரூபாய்த் தாள்களும் நாணயங்களுமாக வந்தது. எண்ணிக் கொடுக்கக்கூட இல்லை, அப்படியே என் கூடைக்குள் போட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது "காய், காய்" என்று கூவக் காணோம்.

நானும் ஒரு பெண்பிள்ளைதானே. எனக்கு மட்டும் உயிர் வேண்டாமா?

ஜூலை 18

இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வட்டமாக ஒரு படம், அதில் பச்சையில் பெரிய துண்டு. காய்கறி.

"ரெண்டே பேருக்கு ஒரு மாசத்துல ஏழாயிரத்தி ஐந்நூறு ரூபாய்க் காய். பாத்தியா? பணமாக் குடுத்திருந்தா இது என் கண்ணுலயே பட்டிருக்காது."

என்னைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். சிறுவாடு பிடித்ததை நினைத்து ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இருக்கும் என்று நினைத்தால்தானே?

"உன்னை ஏமாத்தியிருக்கா" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

வெயில். தலைவலி. சுண்டைக்காய்க் குழம்பில் உப்பு கூடிவிட்டது. மயிலக்கா இனி வரமாட்டாள்.

ஜூலை 23

எழுதிவிடலாம். எழுதாவிட்டால் மட்டும் நடக்காமல் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லார் கையிலும் டீ. மயிலக்கா வண்டி உள்ளே நுழைந்ததும் நிறுத்தச் சொன்னார். தன் கைப்பேசியை எல்லாரிடமும் காட்டினார்.

"என் வீட்டுல ரெண்டு பேரு. ஒரு மாசக் காய்க்கு இவ்வளவு. ஏம்மா, நான் யானை கீனை வளக்கறேனா?"

சிரித்தார்கள். மயிலக்கா என்னைப் பார்த்தாள். நான் ரேவதிக்குப் பக்கத்தில் காய்க்கூடையோடு நின்றிருந்தேன். அந்த நேரம் என் செருப்பு வார் பிய்ந்திருப்பதைக் கவனித்தேன். தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

"நீயே சொல்லு சாந்தாமணி. என்ன விலைக்குக் குடுத்தா?"

"எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

அப்போதும் மயிலக்கா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வாட்ச்மேன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இவர், "போலீஸ்ல சொன்னா உன் கணக்கு, உன் மகன் கணக்கு, எல்லாத்தையும் தோண்டி எடுத்துருவாங்க. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆதாரம் இருக்கு" என்றார்.

"ஆமாங்க சார்" என்றாள் மயிலக்கா. "வெல சேத்துத்தான் வாங்கிப்போட்டேன்."

வண்டியைத் திருப்பினாள். சக்கரம் வேகத்தடையில் மாட்டிக்கொண்டது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவள் நான். நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டுதான் இருக்கும்.

"பாத்தீங்களா? ரொக்கமா இருந்திருந்தா இந்தத் திருட்டு வெளிய வந்திருக்குமா?" என்று இவர் கேட்க, எல்லாரும் கை தட்டினார்கள். ரேவதி தட்டினாள். நானும் தட்டினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 24

மிக்சி ஜாரை இறக்கி எண்ணினேன். ஐயாயிரத்து அறுநூறு. போதும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பேரூர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். இன்று எந்தப் பெண்ணும் கோயிலுக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்கேன் சென்டரில் பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுக்க வெகுநேரமானது. கவுண்டரில் இருந்த பெண் விரலை முகர்ந்து பார்த்து, "என்ன மேடம், கொத்தமல்லி வாசனை வருது" என்றாள். ஊசி போட்டபோது வலித்தது. நன்றாக வலிக்கட்டும் என்று இருந்தது.

வரும் வழியில் ஒரு பூக்காரியிடம் கொஞ்சம் பூவும், கோயில் வாசலில் குங்குமப் பொட்டலமும் வாங்கிக்கொண்டேன். அவற்றுக்குக் கைப்பேசியில்தான் பணம் போட்டேன். பேரூர் போனதற்கு இவருக்கும் ஒரு ஆதாரம் வேண்டுமே.

ஆகஸ்ட் 7

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டரம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமே இல்லைம்மா. சாதாரணக் கொழுப்புக் கட்டி. நிம்மதியாத் தூங்குங்க."

இவர் சொன்னதேதான்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உயிர் தப்பியதற்கு அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி அழுகையில் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. இவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 12

மீதி அறுநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு மயிலக்காவைத் தேடிப் போனேன். வாட்ச்மேன்தான் அடையாளம் சொன்னார். பின்தெருக் கல்யாண மண்டபத்தில், பந்திக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சாம்பார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"கட்டி என்னாச்சுங்க?" அதைத்தான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க அக்கா."

"செரி."

தேய்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி எங்கே என்று கேட்டேன். விற்றுவிட்டாளாம். மண்டிக்குக் கொண்டுபோகக் கையில் பணமில்லை, எங்கள் கேட்டும் அடைத்தாகிவிட்டது. திருடி என்ற பேச்சு அடுத்த தெருவுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்ததாம்.

"இங்க ராத்திரி வேலை முடிஞ்சதுன்னா கையில காசக் குடுத்தர்றாங்க. அதுக்கோசரந்தான் இங்க வந்தேன். பேங்குல போடறோம், நெம்பர் குடுங்கன்னு வேற எடத்துலெல்லாம் கேட்டாங்க. நெம்பரு ஆரு நெம்பரு?"

நான் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் அக்கா சொல்லல?"

தேய்ப்பதை நிறுத்தினாள். "நீங்க சொல்லுவீங்கன்னு நின்னு பாத்தேனுங்க அம்மிணி. உங்க வாய் தொறக்கல. நாஞ் சொன்னா ஆரு நம்புவாங்க? திருடியும் ஆச்சு, சீமாட்டி மேல பழி போட்டவளும் ஆச்சுன்னு ஆயிரும். போலீசுங்கறாரு. ஆமான்னு சொன்னா ஊட்டுக்காவது போலாம்னு சொல்லிப்போட்டேன். உங்களுக்காவ ஒண்ணும் சொல்லலீங்க. அப்புடி நெனச்சுக்காதீங்க."

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது நாளாக அப்படி நினைத்துத்தான் சோறு தின்றேன்.

அறுநூறு ரூபாயை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒவ்வொரு தாளாக எண்ணினாள்.

"மீதி?"

"நான் போன்ல போட்டதெல்லாம் உங்க பையன் கணக்குக்குத்தானே அக்கா போச்சு?"

"போச்சுங்க. அவங்கிட்டப் போச்சு. என்ற இடுப்புல இருந்தது உங்க கைக்கு வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு?"

கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "குடுங்க" என்றாள். குடுக்க வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எந்த மூலையில் எதிர்பார்த்தேனோ.

ஆகஸ்ட் 20

செருப்புத் தைத்தாகிவிட்டது.

செப்டம்பர் 1

இவர் மறுபடியும் வட்டப்படத்தைக் காட்டினார். பச்சைத் துண்டு ஒல்லியாகப் போயிருந்தது.

"பாரு. காய்கறிச் செலவு பாதிக்குக் கீழ வந்திருச்சு. ஒரு திருடிய வெளிய அனுப்பினதுக்கே இவ்வளவு பலன். அடுத்த கூட்டத்துல இதைப் பெரிசாப் போட்டுக் காட்டப்போறேன்."

"ஆமாங்க" என்றேன்.

"அந்தக் கட்டி என்ன ஆச்சு? சொல்லவே இல்ல?"

"அது அப்படியேதான் இருக்குதுங்க."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

செப்டம்பர் 3

மயிலக்காவுக்கு ஐயாயிரம் தர வேண்டும். இந்த வீட்டில் ரொக்கம் கிடையாது. என்னைத்தான் குறை சொல்ல வேண்டும் என்றால் சொல்லிக்கொள்ளட்டும், வேறு வழி யாராவது சொல்லட்டும்.

கீழே வேப்பமரத்தடியில் புதிதாக ஒரு இஸ்திரி வண்டி வந்திருக்கிறது. கனகா என்று ஒரு பெண், முப்பது வயசிருக்கும். கேட்டில் சொன்னபடி வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். இவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாருமில்லையே என்று பார்த்துக்கொண்டேன்.

"அறுபதுதானே கனகா? நான் நூறு போடறேன். மிச்சத்தக் கையில குடுத்துரு."

"எதுக்குங்கக்கா?" என்றாள்.

"கோயிலுக்கு."

மடியிலிருந்து இரண்டு இருபது ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தாள் கதகதவென்று இருந்தது. நான் கைப்பேசியை வண்டிக்கு நேரே பிடித்தேன். பணம் அனுப்புமுன் யார் கணக்கு என்று பெயர் வரும். பார்க்கவில்லை.